பழைய வீட்டு வயரிங்: ஆர்சிசிபி போட்டால் போதுமா, முழுக்க மாற்றணுமா?

30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பொருத்துவது சின்ன வேலைதான். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் ஒத்துப்போகாவிட்டால் உடனே டிரிப் ஆகி, ஷாக்கிலிருந்து உயிரைக் காக்கும். ஆனால் டெர்மினல் ஸ்க்ரூ லூஸாகி, வயர் சூடேறி, ஸ்விட்ச் பாக்ஸ் கருகினாலும் அது அசையாது. அங்கே மின்கசிவே இல்லையே. ஓவர்லோடும் அதன் கணக்கில் வராது, அது எம்சிபியின் (அளவுக்கு மேல் கரண்ட் போனால் துண்டிக்கும் ஸ்விட்ச்) வேலை. ஆர்சிசிபி வழியாக ஒரு சர்க்யூட், அதில் சேராமல் வெளியே ஒன்று, இரண்டுக்கும் ஒரே நியூட்ரல் என்று யாரோ இழுத்திருந்தால் லைட் போட்டதுமே டிரிப் ஆகும். பலர் வயரிங்கை விட்டுவிட்டு ஆர்சிசிபியைக் கழற்றிவிடுவார்கள்!

முழு மாற்றம் என்றால் செலவு, சுவர் வெட்டு, தூசி. ரப்பர் உறை தொட்டாலே உதிர்கிறதா? யோசிக்கவே வேண்டாம், மாற்றத்தான் வேண்டும்.

இடைப்பட்ட வீடுகளுக்கு மெகர் சோதனை, அதாவது வயர் உறையின் மின்காப்புத் தடையை மீட்டரால் அளப்பது. மெயினை அணைத்து, சாதனங்களைப் பிடுங்கி, பல்புகளைக் கழற்றி, 500 வோல்ட்டில் ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், ஃபேஸ்–நியூட்ரல் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டை அப்படியே விடக்கூடாது. ரீடிங்கை எழுத்தில் வாங்கிக்கொண்டு விலை பேசுங்கள்.