உயர்நிலை மறைக்கல்வி வகுப்பில் நான் பயன்படுத்தியவை: எது நின்றது, எது சலித்தது

சிங்கப்பூரில் மறைக்கல்வி, அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான சமய வகுப்பு என்றால் பெரும்பாலும் வார இறுதியில், பங்குக் கோயிலில்தான். வாரம் முழுக்கப் பள்ளி, சிசிஏ எனும் புறப்பாட நடவடிக்கை, டியூஷன் என்று அலைந்து களைத்துப்போய் வந்து உட்காரும் உயர்நிலை மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள். உறுதிபூசுதலுக்கு, அதாவது திருமுழுக்கில் பெற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்குக்குத் தயாராகும் வயது, எதையும் 'ஏன் டீச்சர்?' என்று கேட்கும் வயது. சில வருடங்களாக இவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். புதிதாக வரும் ஆசிரியர்கள் 'என்ன மெட்டீரியல் வச்சிருக்கீங்க?' என்று கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் யூகேட். 2011இல் வெளிவந்த இளையோர் மறைக்கல்வி நூல், அதே மஞ்சள் அட்டைப் புத்தகம். 527 கேள்வி பதில்கள். விசுவாசம், அருள்சாதனங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருச்சடங்குகள்), ஒழுக்க வாழ்வு, செபம் என்று திருச்சபையின் பெரிய மறைக்கல்வி நூலில் உள்ள அதே நான்கு பகுதிகள். நல்ல புத்தகம்தான், சந்தேகமில்லை. ஆனால் முதல் கேள்வியிலிருந்து வரிசையாக நடத்தினால் வகுப்பு தூங்கிவிடும். பிள்ளைகள் கேட்காத கேள்விக்கு அச்சடித்த பதிலை நீட்டி என்ன பயன்? அதனால் ஒரு பெட்டி வைத்தேன். பெயர் எழுதாமல் கேள்வியை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிப் போடலாம். அடுத்த வாரம் அதில் ஒன்றை எடுத்து முதலில் அவர்களையே பேசவிடுவேன். யூகேட்டைத் திறப்பது கடைசியில்தான். இந்த வரிசையில் அந்தப் புத்தகம் இன்றுவரை கை கொடுக்கிறது.

பெட்டியில் அடிக்கடி வரும் கேள்வி எது தெரியுமா? 'என் இந்து பெரியம்மா மோட்சத்துக்குப் போவாங்களா?' இந்த ஊரில் இது ஏட்டுக் கேள்வி இல்லை, வீட்டுக் கேள்வி. 2024 செப்டம்பரில் திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் இங்கே வந்தபோது, கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரியில் பல சமய இளையரிடம், சமயங்கள் எல்லாம் கடவுளை நோக்கிய பாதைகள், வெவ்வேறு மொழிகளைப் போல என்று பேசினார். அதைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. நான் அந்த உரையையும், பிற சமயங்கள் குறித்து, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கையின் ஒரு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கக் கொடுப்பேன். ஒன்றரை மணி நேரம் போதாமல் போகும்.

அடுத்தது ஓவியம். செலவே இல்லாத வளம். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1600வாக்கில் தீட்டிய மத்தேயுவின் அழைப்பு, அதாவது வரி வசூலித்த மத்தேயுவை இயேசு சீடராக அழைக்கும் காட்சி, ரோமில் ஒரு கோயிலில் இருக்கிறது. தலைப்பைச் சொல்லாமல் திரையில் போட்டு, மூன்று நிமிடம் யாரும் பேசக்கூடாது என்பேன். இருட்டு அறை, மேசையைச் சுற்றி ஐந்து பேர், வலது பக்கத்திலிருந்து வெளிச்சம், நீட்டிய இயேசுவின் கை. அப்புறம் ஒரே கேள்வி: இதில் மத்தேயு யார்? தாடிக்காரர் விரலை நீட்டுகிறார். தன்னையா, ஓரத்தில் குனிந்து காசையே பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞனையா என்பது தெளிவாக இல்லை. கலை அறிஞர்களே இதில் இரண்டு கட்சி. ஒரு முறை ஒரு பெண் சொன்னாள்: "அந்தப் பையன்தான் டீச்சர். இன்னும் நிமிர்ந்தே பார்க்கல, பாருங்க." பின்வரிசைப் பையன்கள் விடவில்லை, சண்டையே வந்துவிட்டது. அதன் பிறகு மத்தேயு 9:9 வாசித்தோம். ஒரே ஒரு வசனம், அவ்வளவுதான். சுங்கச்சாவடி, 'என்னைப் பின்பற்றி வா', எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கஹூட் என்ற இணைய வினாடி வினா? திருவிவிலிய நூல்களின் பெயர், ஏழு அருள்சாதனங்கள், இதற்கு ஓகே. யார் முதலில் அமுக்குவது என்ற போட்டியில் யோசிக்க நேரம் ஏது? இலவசக் கணக்கில் சேரக்கூடியவர்களுக்கு வரம்பு வேறு. இப்போது எப்போதாவதுதான்.

இயேசு சபையினரின் 'ப்ரே ஆஸ் யூ கோ' ஒலிச் செபம் எனக்குப் பிடிக்கும், ஆனால் மதிய உணவுக்குப் பிறகு பத்து நிமிடம் கண்ணை மூடச் சொன்னால் பாதிப் பேர் உண்மையிலேயே தூங்கிவிடுகிறார்கள். எம்ஆர்டி ரயிலில் கேளுங்கள் என்று இணைப்பை அனுப்பிவிடுகிறேன்.

புனிதர் பாடத்துக்குத் தேவசகாயம். 1712இல் குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022இல் புனிதரானார். நாகர்கோவில் பக்கத்துத் தாத்தா பாட்டி உள்ள பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நடைப்பயணம். குவீன் ஸ்திரீட்டில் 1847இல் திறந்த நல்லாயன் (நல்ல மேய்ப்பர்) பேராலயம், அதே சாலையில் 1870இல் எழுந்த புனித பேதுரு பவுல் ஆலயம், ஓஃபீர் ரோட்டில் 1888இல் வந்த லூர்து மாதா ஆலயம். தமிழரும் சீனரும் முதலில் ஒன்றாக வழிபட்டது பேதுரு பவுலில்தான். பிறகுதான் தமிழருக்கென்று லூர்து மாதா. பேராலயப் பெயருக்குப் பின்னால் 1821இல் இந்தத் தீவுக்கு வந்து, 1839இல் கொரியாவில் நல்ல மேய்ப்பரைப் போலத் தன் மக்களுக்காக உயிர்விட்ட மறைபரப்பாளர் புனித இம்பெர்ட் இருக்கிறார். திருச்சபை வரலாற்றை நான் இப்போது வகுப்பறையில் நடத்துவதே இல்லை. போவதாக இருந்தால் சனிக்கிழமை காலை போங்கள், ஞாயிறு திருப்பலிக் கூட்டத்தில் நின்று பேச முடியாது. மூன்று பங்கு அலுவலகங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.