“பத்து சதவீதம் குறையாவிட்டால் முழுப் பணமும் வாபஸ்” என்றார்கள்: ஒன்றரை மாதச் சம்பளம் போய்விட்டது

இன்று காலை கடைசிப் பதில் வந்துவிட்டது. “விதிமுறைகளின்படி தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. தங்கள் ஆரோக்கியப் பயணம் தொடர வாழ்த்துகள்.” அந்த வாழ்த்தைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. கோபம் ஆறிப்போனால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். போனது ஒன்றரை மாதச் சம்பளம்.

பெயர் சொல்லப்போவதில்லை. ஆன்லைனில் நடக்கும் எடைக் குறைப்புத் திட்டம். ஒரு செயலி, ஒரு வாட்ஸாப் குழு, “உங்களுக்கே உங்களுக்கான பயிற்றுநர்”, 90 நாள், பணம் மொத்தமும் முன்கூட்டியே. இப்படிப் பல இருக்கின்றன. இலவசமாகக் கலோரிக் கணக்கு வைப்பதற்கும் இப்படிக் காசு கொடுத்துச் சேர்வதற்கும் என்ன வித்தியாசம், எதையெல்லாம் பார்த்துச் சேர வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 41. உயரம் 160 சென்டிமீட்டர். சேர்ந்த அன்று எடை 82 கிலோ. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலி. ஒரு நாள் இரவு அவர்களுடைய விளம்பரத்தில் என் எண்ணைக் கொடுத்தேன். மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டார். நாற்பது நிமிடம் பேசினார். விற்கிற அவசரமே அவர் குரலில் இல்லை. எப்போதிலிருந்து எடை ஏறியது, வீட்டில் யார் சமைப்பது, தூக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பத்து வருடமாக யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னேன். எனக்குக் கட்டுப்பாடே இல்லை என்று சொன்னபோது அவர் சொன்னார்: “அக்கா, உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லைன்னு யார் சொன்னது? கூட நின்னு வழிகாட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.”

நான் அழுதுவிட்டேன். உண்மையாகவே அழுதேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பணம் கட்டினேன் என்று இப்போது தெரிகிறது. 90 நாளில் உடல் எடையில் பத்து சதவீதம் குறையும், குறையாவிட்டால் முழுப் பணமும் வாபஸ் என்றார். சலுகை அன்று இரவு பன்னிரண்டு மணியோடு முடிகிறது என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டினேன். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே சலுகை, அதே கடிகாரம், மறுபடி முதலிலிருந்து ஓடியது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

எனக்கென்றே தயாரித்த திட்டம் என்று 22 பக்கக் கோப்பு வந்தது. முதல் பக்கத்தில் என் பெயர். நாளுக்கு 1,200 கலோரி. முதல் இரண்டு வாரத்தில் எடை 82-லிருந்து 78.4-க்கு இறங்கியது. குழுவில் கைதட்டல் படங்களாகக் குவிந்தன. பயிற்றுநர் என் எண்களைப் போட்டு எல்லோருக்கும் காட்டினார். அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன், அதுதான் இப்போது பணத்தைவிட அதிகமாக உறுத்துகிறது. என் அண்ணனையும் சேர்த்துவிட்டேன். “நீ சொன்னா சரிம்மா” என்று சொல்லிப் பணத்தைக் கட்டினார்.

அந்த 3.6 கிலோ என்னவென்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துதான் முதலில் கரைகிறது. அது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். கிளைகோஜன் போனால் அந்தத் தண்ணீரும் போகும், பழையபடி சாப்பிட்டால் திரும்பி வரும். இரண்டு வாரத்தில் நான் இழந்த கொழுப்பு ஒரு கிலோ இருந்தால் அதிகம். காசு வாங்குகிற எல்லாத் திட்டத்திலும் முதல் இரண்டு வாரம் அற்புதமாகத்தான் இருக்கும். பணம் வாபஸ் கேட்க யாருக்கும் தோன்றாத காலமும் அதுதான்.

மூன்றாவது வாரத்திலிருந்து எடை குறையவில்லை. பசி மட்டும் கூடியது. ராத்திரி பதினோரு மணிக்குச் சமையலறைக்குப் போய் நின்றபடியே தின்றேன். அதைப் பயிற்றுநரிடம் மறைக்காமல் எழுதினேன். “மனவலிமையை வளர்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரியில் பதில் வந்தது. 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் நாளுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கு இரவும் பகலும் சாப்பாட்டு நினைப்பாகவே ஆகிவிட்டது. தாங்களாகவே முன்வந்து சேர்ந்த ஆட்கள் அவர்கள். பசி உடம்பின் வேலை. அதை என் குணக்கேடு மாதிரி எழுதினார்கள், நானும் நம்பினேன்.

53-வது நாள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய கோப்பை மேசையில் பார்த்தேன். 22 பக்கம். பெயர் மட்டும் வேறு. அதே 1,200 கலோரி, அதே நேரம், அதே அளவு, ஒன்பதாம் பக்கத்தில் இருந்த எழுத்துப்பிழைகூட அதேதான். அண்ணனுக்கு 46 வயது, 178 சென்டிமீட்டர் உயரம், 104 கிலோ.

அன்றைக்கு ராத்திரிதான் முதல் தடவையாக நானே கணக்குப் போட உட்கார்ந்தேன். மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் என்று ஒன்று 1990-லிருந்து இருக்கிறது. எடையை 10-ஆல் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஆணென்றால் 5 கூட்ட வேண்டும், பெண்ணென்றால் 161 கழிக்க வேண்டும். சும்மா படுத்திருந்தாலே உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கும் கலோரி தோராயமாகக் கிடைத்துவிடும். சேர்ந்த அன்றைய எடைக்கு எனக்கு 1,454. அண்ணனுக்கு 1,927. கிட்டத்தட்ட 470 கலோரி வித்தியாசம். இரண்டு பேருக்கும் ஒரே திட்டம்.

இன்னும் ஒன்று. என்னைப் போல உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அந்தக் கலோரியை 1.2-ஆல் பெருக்கினால் ஒரு நாளின் மொத்தச் செலவு கிடைக்கும், எனக்கு 1,745 வரும். அவர்கள் சொன்ன 1,200-ஐ ஒரு நாளும் மீறாமல் இருந்தால் செலவைவிடத் தினமும் 545 குறைவு. 90 நாளுக்கு 49,050. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறத்தாழ 7,700 கலோரி என்பது பொதுவான கணக்கு. ஆக, 6.4 கிலோ. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும் என்பதால் அதுகூட முழுசாகக் கிடைக்காது. எனக்கு அவர்கள் உறுதி கொடுத்தது 8.2 கிலோ. அவர்களுடைய எண்ணை வைத்தே பார்த்தாலும் கொழுப்பில் அந்த உறுதி நிறைவேறாது. ஐந்து நிமிடக் கணக்கு இது. ஒரு மாதச் சம்பளம் கட்டுவதற்கு முன்னால் நான் இதைப் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாளே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அரட்டைப் பெட்டியில் ஒரு இயந்திரம், “48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்” என்றது. ஆறு நாள் ஆயிற்று. என்னை அக்கா என்று கூப்பிட்ட பெண்ணின் எண்ணுக்குப் போட்டால், அவர் வேறு குழுவுக்கு மாறிவிட்டாராம். பயிற்றுநர் மூன்று முறை மாறினார். ஒவ்வொருவரும், “உங்கள் பிரச்சினையை முதலிலிருந்து சொல்லுங்கள்” என்றுதான் ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒருவர் தெளிவாகச் சொன்னார்: 90 நாளும் தினமும் காலை ஏழு மணிக்குள் எடைக்கருவியின் படத்தைப் பதிவேற்றியிருந்தால்தான் பணம் வாபஸ், அதனால் முடியும்வரை தொடருங்கள். சரி என்று 90-வது நாள்வரை பதிவேற்றினேன். முடிந்த அன்று விண்ணப்பித்தேன். 41-வது நாள் படம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

41-வது நாள் காலையில் அவர்களுடைய செயலியே திறக்கவில்லை! “பராமரிப்புப் பணி நடைபெறுகிறது” என்று வந்த திரையைப் படம் பிடித்து அன்றே குழுவில் போட்டேன். நான் 54-வது நாள் பணம் கேட்டபோதே அந்த நாள் விடுபட்டது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் 90-வது நாள்வரை தொடரச் சொன்னார்கள். அவர்களுடைய உணவுத் திட்டத்தை 53-வது நாளோடு நான் நிறுத்தியது உண்மை. அதைச் சொல்லி மறுத்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் 91-வது நாள், “பராமரிப்புத் திட்டம்” என்ற பெயரில் இன்னொரு அரை மாதச் சம்பளம் கார்டிலிருந்து போனது. சேரும்போதே தானாகப் புதுப்பிக்கச் சம்மதித்திருக்கிறேனாம். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த சின்னப் பெட்டி அது. மொத்தம் ஒன்றரை மாதச் சம்பளம்.

53-வது நாளிலிருந்து என்ன செய்தேன் என்றால், ஒரு சமையலறைத் தராசு, ஒரு நோட்டு, இலவசமாகக் கிடைக்கும் உணவுப் பட்டியல், அவ்வளவுதான். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. இதை வைத்துக்கொண்டே முக்கால்வாசிக் கணக்கைப் போட்டுவிடலாம். முதல் வாரத்தில் எண்ணெயை அளந்தபோது திகைத்துவிட்டேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. என் பங்குக்கே தினமும் மூன்று கரண்டி போய்க்கொண்டிருந்தது. காசு வாங்கிய அந்தச் செயலி எல்லாவற்றையும் “ஒரு கிண்ணம்” என்றே பதிவு செய்தது, எண்ணெயைப் பற்றிப் பயிற்றுநர்களில் ஒருவரும் கேட்கவில்லை. 1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வில், எவ்வளவு முயன்றும் எடை குறையவில்லை என்று சொன்னவர்கள் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, அளக்கவில்லை. நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். நாளுக்கு 1,450 கலோரி என்று வைத்துக்கொண்டேன், ராத்திரிப் பசி நின்றுவிட்டது. அன்று 79.6 கிலோ, இன்று 78.1. மெதுவாகத்தான் குறைகிறது, ஆனால் தண்ணீர் கணக்கு இல்லை.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். கட்டுவதற்கு முன் மேலே சொன்ன சூத்திரத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, அவர்கள் உறுதியோடு ஒப்பிடுங்கள். பணம் வாபஸ் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது எதுவும் நிற்காது. கார்டு விவரத்தைச் சேமிக்காதீர்கள். 800 கலோரிக்குக் கீழே யார் சொன்னாலும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இறங்காதீர்கள், வேகமாக எடை குறைந்தால் பித்தப்பைக் கல் வரலாம். இன்சுலின் போடுகிறவர்கள், சாப்பாட்டு விஷயத்தில் மனச்சிக்கல் இருந்தவர்கள் கலோரிக் கணக்கைத் தனியாக ஆரம்பிக்க வேண்டாம், அவர்களுக்கு நேரில் பார்க்கும் உணவியல் நிபுணருக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. உங்களுக்குக் குறைகிறதே என்று வீட்டு ஆட்களை மூன்றாவது வாரத்திலேயே சேர்த்துவிடாதீர்கள்.

அண்ணன் இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 41-வது நாள் பிடித்த திரையின் படத்தையும் இரண்டு 22 பக்கக் கோப்புகளையும் சேர்த்து மதியம் என் வங்கியில் புகார் கொடுத்துவிட்டேன். அவரையும் அவருடைய வங்கியில் நாளைக்கே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.