ரெடிமேட் ஜான் லைன் செட்: நம்பித் தொங்கும் முன் பிரித்துப் பாருங்கள்

ஆழத்திலிருந்து ஏறும் டைவர், உடலில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக நடுவழியில் காத்திருக்கும் டெகோ நிறுத்தத்தில் நீரோட்டம் இழுக்கும்போது நங்கூரக் கயிற்றையே இறுகப் பிடித்துக்கொண்டிராமல், அதற்கும் நமக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் குட்டைக் கயிறு ஜான் லைன். ‘எல்லாம் கோத்து ரெடி’ என்று விற்கப்பட்ட ஒரு செட்டைப் பற்றிய எச்சரிக்கை இது. விளம்பரத்தில் இருந்தவை: 2 மீட்டர் நீளம், 25 மி.மீ. நைலான் வெப்பிங் (நெய்த நாடா), 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போல்ட் ஸ்னாப் (ஊசியை இழுத்துத் திறக்கும் கொக்கி), 500 கிலோ தாங்கும்.

பொட்டலத்தைப் பிரித்து மேசையில் போட்டு அளந்தால் 1.1 மீட்டர்தான். குழாய்போல நெய்த வெப்பிங்குக்குள் எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. 2 மீட்டர் என்பது இழுத்துப் பிடித்தால் வரும் நீளம். இந்த அமைப்பே தப்பு என்று சொல்லவில்லை. எலாஸ்டிக் தொய்வைச் சுருட்டி வைக்கும், முழுதாக நீண்டபின் பாரத்தை வெப்பிங் ஏற்கும், அதுதான் கணக்கு. அதற்கு வெப்பிங்கின் இரு முனைகளும் வளையமாக மடித்து அழுத்தமாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். இதிலோ ஸ்னாப் இருக்கும் முனையில் வெப்பிங்கை உள்ளே மடித்து ஒற்றைத் தையல் போட்டு விட்டிருக்கிறார்கள். நகத்தால் பின்னுக்குத் தள்ளினால் சட்டைக் கை மாதிரி வழுக்கிப் போகிறது. ஸ்னாப்பைப் பிடித்திருப்பது எலாஸ்டிக்கின் வளையம். அந்த வளையத்தைப் பிடித்திருப்பது நெருக்கிவிட்ட ஒரு மெல்லிய கம்பி. 500 கிலோ தாங்குவது உறைதான், அதன்மேல் பாரமே வருவதில்லை.

அந்த 500 கிலோவே தேவையில்லாத பெருமை. முழுச் சாதனங்களோடு நீரோட்டத்தில் கிடக்கும் டைவரை 1 நாட் (மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வேகம் சுமார் 5, 6 கிலோ அளவுக்கு இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு, ஆக 2 நாட்டில் 20 கிலோவுக்கு மேல். பக்கவாட்டில் கூடுதல் சிலிண்டர்கள் தொங்கினால் இன்னும் ஏறும். எந்த நல்ல வெப்பிங்கும் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். விட்டுப்போவது தையல், முடிச்சு, உலோகம் இந்த மூன்றில் ஒன்று.

எலாஸ்டிக்கே பாரம் ஏற்றால் என்ன ஆகும்? படகு அலையில் ஏறி இறங்கும்போது அது நீண்டு சுருங்கி டைவரையும் கூடவே ஆட்டும். 6 மீட்டரில் தூய ஆக்சிஜன் சுவாசிப்பவருக்கு அதன் பகுதியழுத்தம் ஏற்கெனவே 1.6 பார், அதாவது ஆக்சிஜனே நச்சாகாமல் இருக்க வைத்த எல்லையில் நிற்கிறார். 1 மீட்டர் கீழே போனால் 1.7. மேலே போனாலோ இன்னும் தாண்டக் கூடாத டெகோ வரம்பு உடைகிறது. கம்பி விட்டுவிட்டால் கயிற்றைப் பிரிந்து, மிச்ச நிறுத்தங்களை மிதவையை மேலே அனுப்பி அதன் கயிற்றில் நடுக்கடலில் மிதந்தபடி முடிக்க வேண்டியதுதான்.

நீளத்தில் ஏமாற்றியதும் சின்ன விஷயமில்லை. நங்கூரக் கயிறு 75 செ.மீ. மேலும் கீழும் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் லைன் கிடைமட்டத்திலிருந்து 22 டிகிரி சாயும். டைவர் ஆழம் மாறாமல் 15 செ.மீ. முன்னே வந்தால் போதும். 1 மீட்டர் லைன் கிட்டத்தட்ட 49 டிகிரி சாயும், 34 செ.மீ. வெடுக்கென்று இழுக்கும்.

இனி ஸ்னாப். விற்பவரின் வீடியோவில் காந்தத்தை வைத்துக் காட்டுகிறார்கள். ஒட்டவில்லை, ஆகவே 316 என்கிறார்கள். துத்தநாக வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது. அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. எடை போட்டுப் பாருங்கள். 0.1 கிராம் காட்டும் தராசில் முதலில் ஸ்னாப்பை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கி, ஸ்னாப்பை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். உள்ளே காற்றுக் குமிழி தங்காதபடி உதறிவிட வேண்டும். தராசு காட்டும் கிராம்தான் அதன் கனஅளவு, மில்லிலிட்டரில். 80 கிராம் ஸ்டெயின்லெஸ் என்றால் 10 காட்டும், துத்தநாகம் என்றால் 12 பக்கம் வரும். இந்த செட்டில் வந்தது துத்தநாகம். பூச்சைச் சுரண்டினால் அடியில் மங்கிய சாம்பல் நிறம். பித்தளையாக இருந்தால் மஞ்சள் தெரியும். உப்புநீர் பட்டால் வெள்ளைப் பொடி பூத்து, நகரும் ஊசி நடுவழியில் சிக்கிக்கொள்ளும். கையுறையோடு அதைத் திறக்க முடியாது.

ஸ்னாப்பையும் கயிற்றையும் சேர்க்க ஒரு சாவி வளையம் வேறு. ஸ்னாப் சிக்கினால் வெட்டிவிட்டுப் போக அங்கே நூல் இருக்க வேண்டும், உலோகத்தோடு உலோகம் அல்ல. படகு நங்கூரத்தோடு இழுபட்டுப் போகும்போதுதான் இந்த வித்தியாசம் புரியும்.

நீங்களே கட்டுவது பெரிய வேலையில்லை. 25 மி.மீ. குழாய் நைலான் வெப்பிங் 3 மீட்டர். ஒரு முனையில் 25 செ.மீ. வளையம், மறுமுனையில் 5 செ.மீ. வளையம், இரண்டும் இரட்டை மடிப்பில் போட்ட சாதா முடிச்சு, 10 செ.மீ. வால் விடுங்கள். சின்ன வளையத்தில் ஸ்னாப்பை 2 மி.மீ. பின்னல் நைலான் நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டி, நுனியை உருக்கிவிடுங்கள். பாலிப்ரொப்பிலீன் வேண்டாம்; மிதக்கும், தொய்ந்தால் மேலே எழும்பி ரெகுலேட்டரில் (சுவாசக் கருவியில்) சுற்றும், முடிச்சும் வழுக்கும்.

பெரிய வளையத்தை நங்கூரக் கயிற்றில் ஒரு சுற்றோடு விடாதீர்கள். படகு நங்கூரத்துக்கு நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் நிற்பதால் கயிறு சாய்வாக ஏறுகிறது. பிடி நழுவினால் நீங்கள் படகை நோக்கி, அதாவது மேலே நழுவுவீர்கள். பாசி பிடித்த கயிற்றில் இரண்டு, மூன்று சுற்று புருசிக் முடிச்சாக (பாரம் விழுந்தால் கயிற்றை இறுகப் பற்றும் முடிச்சு) போட்டு, இரு திசையிலும் இழுத்துப் பார்த்தபின் பாரத்தைக் கொடுங்கள். ஸ்னாப்பை ஹார்னஸின் (உடலில் கட்டும் பட்டையின்) கீழ்ப்புற முன் டி-ரிங்கில் (D வடிவ வளையத்தில்) மாட்டலாம். தோள் டி-ரிங்கில் மாட்டினால் உடல் திரும்பிக்கொண்டே இருக்கும். அடுத்த நிறுத்தத்துக்கு ஏறும்போது முதலில் நங்கூரக் கயிற்றில் ஒரு கை, பிறகே முடிச்சைத் தளர்த்துவது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில், ‘கடல்நீர் பட்ட பொருளுக்கு வாரண்டி கிடையாது’. ஆகவே வாங்கியே ஆக வேண்டுமென்றால் கடலுக்குக் கொண்டுபோகும் முன்பே முடித்துவிடுங்கள்: தளர்ந்த நீளம், முனைத் தையல், தராசு, கடைசியாக 40 கிலோவைப் பத்து நிமிடம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுவது. ஒவ்வொன்றையும் டேப்போடும் தராசு எண்ணோடும் படம் எடுத்து வையுங்கள். சுரண்டிப் பார்ப்பதைத் திருப்பி அனுப்பும் தேதி தாண்டும்வரை செய்யாதீர்கள். கீறல் இருந்தால் அதையே காரணமாக்குவார்கள்.