லினக்ஸுக்கு இரண்டு கோர், ஃப்ரீஆர்டாஸுக்கு ஒன்று: எஸ்டிஎம்32எம்பி157சி-டிகே2 போர்டு

இந்த போர்டின் சிப்பில் 650 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கார்டெக்ஸ்-ஏ7 கோர்கள் லினக்ஸுக்கு. அதே சிப்பில் 209 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-எம்4 ஒன்று தனிக்குடித்தனம் நடத்துகிறது. அதில் ஃப்ரீஆர்டாஸ், செஃபிர் (இரண்டும் நேரம் தவறாமல் வேலை செய்வதற்கான சிறு ஓஎஸ்கள்), ஓஎஸ்ஸே இல்லாத வெறும் சி நிரல், எதுவானாலும் சரி. லினக்ஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது வேண்டாம். 512 எம்பி ரேமை வைத்துக்கொண்டு ராஸ்பெர்ரி பை 4-உடன் போட்டி போட முடியாது. நேரம் தப்பினால் மோட்டார் உதறும் என்கிற வேலைக்குத்தான் இந்த போர்டு.

எம்4-க்கு நிரலைச் சேமிக்கத் தனி ஃபிளாஷ் கிடையாது. கம்பைல் ஆன நிரலை, அதாவது எல்ஃப் கோப்பை, லினக்ஸின் ஃபர்ம்வேர் அடைவில் போட்டு, ரிமோட்பிராக் (லினக்ஸிலிருந்து இன்னொரு கோரை இயக்கும் வசதி) இடைமுகத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்து, 'ஸ்டார்ட்' என்று எழுத வேண்டும். நிறுத்தி, மாற்றி, மறுபடி ஓடவிட ரீபூட் தேவையில்லை. இது பெரிய சுகம். ஆனால் லினக்ஸ் எழுந்திருக்கும் வரை எம்4 தூங்கும். பவர் வந்ததுமே வேலை தொடங்க வேண்டுமென்றால் லினக்ஸுக்கு முன் ஓடும் பூட்லோடரான யூ-பூட்டிலேயே ஏற்றிவிடுங்கள்.

தலைவலி பெரிஃபெரல்களை (டைமர் போன்ற துணை வன்பொருள்களை) இரு தரப்புக்கும் பிரிக்கும் பாகப்பிரிவினையில்தான். ஒரு டைமரோ யூஆர்ட்டோ (சீரியல் போர்ட்) எம்4-க்கு என்றால், வன்பொருளை லினக்ஸுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் லினக்ஸ் பக்கத்து நோடை முடக்கி, எம்4 பக்கத்து நோடை இயக்க வேண்டும். இதில் பாதியை மறந்தால் பெரிஃபெரலுக்கு கிளாக் வராது. நிரல் ஓடும், பின்னில் ஒன்றும் அசையாது. இன்னொரு பொறி: பூட்2 சுவிட்சை ஆன், பூட்0 சுவிட்சை ஆஃப் என்று வைத்தால் வரும் இன்ஜினியரிங் மோடில் எம்4 தனியாக ஓடும்போது கிளாக்கை அதுவே அமைக்க வேண்டும், லினக்ஸ் கூட இருக்கும்போது தொடவே கூடாது. எந்த மோட் என்று சோதிக்கும் 'இஃப்' வரியை நீக்கிவிட்டு, லினக்ஸ் ஏன் உறைகிறது என்று தேடுவது வீண்.

லினக்ஸுக்கும் எம்4-க்கும் இடையே பேச்சு ஆர்பிஎம்எஸ்ஜி என்ற செய்திப் பரிமாற்ற முறை வழியாக. ஒரு பஃபர் 512 பைட். செய்தியின் தலைப்புக்கு (ஹெடர்) 16 போக 496-தான் உங்களுக்கு. மெய்நிகர் யூஆர்ட் எடுத்துக்காட்டு நிரலில் முதல் செய்தியை லினக்ஸ்தான் அனுப்ப வேண்டும். அதுவரை பதில் போக வேண்டிய முகவரி எம்4-க்குத் தெரியாது.

எம்4-இன் 384 கேபி எஸ்ரேமில்தான் இந்தப் பஃபர்களும் இருக்கின்றன. நிரல் பெருத்தால் நினைவகத்தில் எது எங்கே என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டை முதலில் பாருங்கள்.

பவருக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் டைப்-சி அடாப்டர் வேண்டும். லேப்டாப்பின் பழைய யூஎஸ்பி போர்ட்டில் செருகினால் கரண்ட் போதாதென்று சிவப்பு விளக்கு கண்சிமிட்டும்.