தண்ணித் திருவிழாவில் செல்ஃப் எடுக்காத வண்டி

விமானம், விசா, காசு மாற்றியது எல்லாம் இந்த முறை ஒழுங்காகவே முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது ரங்கூனில் ஏப்ரல் 14ஆம் தேதி காலை ஏழு மணிக்குச் செத்துக் கிடந்த ஒரு பேட்டரியைப் பற்றி. நமக்கு வருடப் பிறப்பு, ஊருக்குத் திஞ்சான் என்ற தண்ணித் திருவிழா. தன்லின் பாலம் தாண்டிப் பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குப் போக அக்கா வீட்டு ஹோண்டா ஃபிட்டில் தேங்காய், பழம், சூடம் எல்லாம் ஏற்றியாயிற்று. சாவியைத் திருகினால் டிக் டிக் டிக் டிக்.

பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது போல இந்தச் சத்தத்துக்கும் பலன் உண்டு. வேகமாகத் தொடர்ந்து டிக் டிக் என்றால் பேட்டரியில் வலு இல்லை. மோட்டாருக்குக் கரண்ட் திறந்துவிடும் ரிலே இழுக்கிறது, மோட்டார் கரண்டை உறிஞ்சியதும் வோல்ட் சரிந்து ரிலே விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு முறை கனமாக 'டொக்' என்றால் டெர்மினல் பிடிப்பில் கோளாறு, இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரே போச்சு. சத்தமே இல்லாமல் டேஷ்போர்டு விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தால், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'பி'யில் (பார்க்) சரியாக விழவில்லை என்று சந்தேகிக்கலாம். வோல்ட் மீட்டர் இல்லாதவர்கள் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருக வேண்டும். விளக்கு அணைகிற அளவு மங்கினால் பேட்டரி. மங்காமல் நின்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மீட்டர் இருந்தால் வேலை சுலபம். வண்டி இரவெல்லாம் நின்றபின் 12.6 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12.0க்குக் கீழே போனால் காலி. 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். அன்று காட்டியது 11.4.

சிங்கப்பூரில் இது ஒரு விஷயமே இல்லை. போன் போட்டால் முக்கால் மணி நேரத்தில் ஒருவர் கார்பேட்டைக்கு வந்து, பழசைக் கழற்றிப் புதுசை மாட்டி, கார்டைத் தேய்த்துவிட்டுப் போய்விடுவார். ஏன் செத்தது என்று அவரும் சொல்லமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். ரங்கூனிலோ திஞ்சான் முடிந்து பர்மிய வருடப் பிறப்பும் கழிகிற வரை கடைக் கதவு திறக்காது. நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 2003 முதல் தடை என்பதால் பேட்டரியைப் பின்னால் கட்டிக்கொண்டு பறந்து வரும் பையனும் கிடையாது.

ஆனால் உதவிக்கு ஆள் பஞ்சமில்லை. அங்கேதான் தலைவலி ஆரம்பம்.

முதலில் எதிர்வீட்டுக்காரர் ஜம்பர் வயரோடு வந்தார். பார்க்கத் தடியாக, சிவப்பும் கறுப்புமாக அழகாக இருந்தது. முனையில் கிளிப்பு சேரும் இடத்தில் ரப்பரை விலக்கிப் பார்த்தால் உள்ளே பென்சில் லெட் அளவு கம்பி, அதுவும் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் சின்னக் காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். செம்புக் கம்பியின் குறுக்களவு குறைந்தது 16 சதுர மி.மீ. வேண்டும், 25 என்றால் நிம்மதி. இந்த வயரில் செல்ஃப் அடித்தால் கிளிப்புதான் சூடாகும். இருந்தாலும் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மாட்டிவிட்டு, நல்ல வண்டியைக் கொஞ்சம் ரேஸ் கொடுத்தபடி பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டால், செத்த பேட்டரிக்குள் மெதுவாகக் கொஞ்சம் ஏறும். பிறகு அதன் பலத்தையும் சேர்த்து செல்ஃப் அடிக்கலாம். அவசரக்காரர்களுக்கு மெல்லிய வயர் ஆகாது.

அப்புறம் வயர் எட்டவில்லை. நம் தெருக்கள் தெரியும்தானே, இரண்டு பக்கமும் கார் முட்டிக்கொண்டு நிற்கும். மூக்கும் மூக்கும் ஒட்ட வண்டியைக் கொண்டுவர இடமில்லை, வயரோ இரண்டு மீட்டர். இதைப் பார்த்த லாரிக்காரப் பையன், தன் ஆறு சக்கர வண்டியைப் பக்கத்தில் போடுகிறேன் என்றான். நல்ல மனசுதான், ஆனால் அந்த லாரி 24 வோல்ட். இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டியிருக்கும். அதைக் காரில் கொடுத்தால் எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ, ஏர்பேக் கன்ட்ரோல், ரேடியோ எதற்கும் உத்தரவாதமில்லை. அடுத்த யோசனை, தள்ளு. கிளட்ச் உள்ள பழைய வண்டி என்றால் சாவியை ஆன் பண்ணி, இரண்டாம் கியரில் போட்டுத் தள்ளி, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் எடுத்துவிடும். தெருத் தெருவாக ஆள் ஏற்றிய லைன் கார் காலத்தில் ரங்கூன் முழுக்க அப்படித்தான் காலை விடிந்தது. இந்த ஃபிட் ஆட்டோமேட்டிக். தெருவே சேர்ந்து மண்டலே வரை தள்ளினாலும் எஞ்சின் சுற்றாது. இதை எட்டுப் பேருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி இருபது அடி நகர்ந்திருந்தது.

கடைசியில் எதிர்வீட்டுக்காரரே தன் புரோபாக்ஸ் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். இந்த ஊர் வழி இதுதான், இடுக்கான தெருவுக்குச் சரியான வழியும்கூட. பர்மியர் பேட்டரியை 'பெத்தரி ஓ' என்பார்கள்; 'ஓ' என்றால் பானை. தண்ணீர்ப் பானை போல இடுப்பில் அணைத்துக்கொண்டுதான் அவர் வந்தார். சட்டையில் ஆசிட் பட்டால் அடுத்த சலவையில் ஓட்டை விழும், அது வேறு.

மாட்டும் வரிசை எல்லா இடத்திலும் ஒன்றுதான், ஆனால் தெருவில் நிற்கும் எட்டுப் பேரும் எட்டு வரிசை சொல்வார்கள். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில். அதன் மறுமுனை நல்லதன் பிளஸ்ஸில். கறுப்பை நல்லதன் மைனஸ்ஸில். கறுப்பின் கடைசி முனையைச் செத்த பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டாமல், எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். இரண்டும் ஒரே இடத்தில் சேரக்கூடாது. எடுத்தபின் கழற்றுவது அப்படியே தலைகீழ். பிளஸ் மைனஸ் மாறினால் மெயின் ஃபியூஸ் போகும்; அதிர்ஷ்டம் கெட்டால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவின் டயோடும் சேர்ந்து போகும். பிரியஸ் மாதிரி ஹைபிரிட்டிலிருந்து மற்ற வண்டிக்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது. அதற்கு ஜம்ப் வாங்கலாம். முன்பக்க ஃபியூஸ் பெட்டிக்குள் அதற்கென ஒரு பிளஸ் முனை இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் டிக் டிக். காரணம் டெர்மினல். ஜப்பான் பேட்டரியில் கம்பம் இரண்டு அளவு: மெல்லியதில் பிளஸ் ஏறக்குறைய 14.7 மி.மீ., தடித்ததில் 19.5. இதற்கு முன் யாரோ மெல்லிய கம்பத்துக்குத் தடித்த கிளாம்பைப் போட்டு, இடைவெளியில் பீர் டின்னை வெட்டிச் சொருகியிருந்தார்கள். அதன் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கரண்ட் எங்கே போகும்? வெந்நீரும் சமையல் சோடாவும் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டு, டின்னை எறிந்துவிட்டு ஈயத் தகட்டைச் சுற்றி இறுக்கியதும் ஒரே அடியில் எடுத்தது. கிரீஸ் இறுக்கிய பிறகு மேலே தடவுவது, உள்ளே அல்ல. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அப்படிச் செய்தால் 10 மி.மீ. ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி வராது.

வண்டி ஓடத் தொடங்கியதும் ஒரு பெரியவர் ஸ்பானரோடு நெருங்கினார். ஓடுகிற வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்தால் டைனமோ நல்லதா என்று தெரிந்துவிடுமாம். 1980களின் மாஸ்டா ஜீப்பில் அது செல்லும். இன்றைய வண்டியில் பேட்டரி விலகிய நொடியில் வோல்ட் எகிறி ஈசியூவைத் தின்றுவிடும். மீட்டர் வைத்தாலே போதும், ஓடும்போது 13.8 முதல் 14.5க்குள் இருந்தால் டைனமோ வேலை செய்கிறது. 14.1 காட்டியது. பெரியவருக்கு ஏமாற்றம்தான்.

அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சாமான்களைச் சரிபார்த்துவிட்டு மறுபடி சாவி. டிக் டிக்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் சிங்கப்பூரில் எத்தனை காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. நாலு தெரு தள்ளி பேட்டரிக்குச் சார்ஜ் போடும் பாய் ஒருவர் இருக்கிறார். கடை மூடித்தான் கிடந்தது, குடியிருப்பு மாடியில். குரல் கொடுத்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். பேட்டரி சைக்கா என்ற சைக்கிள் ரிக்ஷாவில் போய்ச் சேர்ந்தது, வழியில் இரண்டு வாளித் தண்ணீர் அபிஷேகத்தோடு. பாய் வோல்ட் பார்க்கவே இல்லை. ஆறு மூடியையும் திருகி எடுத்து, ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு உறிஞ்சி, மிதவை நின்ற எண்ணை மூடியிலேயே சாக்பீஸால் எழுதினார். 1.14, 1.15, 1.14, 1.14, 1.15, 1.14.

"தம்பி, இது சாகல. பட்டினி கிடக்கு" என்றார்.

சூட்சுமம் இதுதான். முழுச் சார்ஜில் 1.26க்கு மேல் நிற்க வேண்டும். ஐந்து செல் 1.25இல் நின்று ஒன்று மட்டும் 1.10 என்றால் அந்த பேட்டரி செத்தது. எத்தனை சார்ஜ் போட்டாலும் வீண். ஆறும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் செல்லில் கோளாறில்லை, யாரோ உறிஞ்சியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் மிதவை நூலளவு குறைவாகவே காட்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூடி திறக்க முடியாத பேட்டரிக்கு இந்த வைத்தியம் இல்லை. அதில் உள்ள பச்சைக் கண் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கும், மற்ற ஐந்தைப் பற்றி அதற்குத் தெரியாது.

யார் உறிஞ்சியது? "வீட்டுல இன்வெர்டர் இருக்கா?" என்று பாய் கேட்டதும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரண்ட் முறை வைத்துப் போகிற ஊர். சிகரெட் லைட்டர் துளையில் சின்ன இன்வெர்டரைச் சொருகி, ஜன்னல் வழியே வயர் இழுத்து, மின்விசிறி, வைஃபை, ஒரு பல்பு, இரண்டு போன். கூட்டினால் 80 வாட். 12 வோல்ட்டில், இன்வெர்டரின் இழப்பையும் சேர்த்தால், எட்டு ஆம்பியர் பக்கம். இரண்டு மணி நேரத்துக்கு 16 ஆம்பியர்-அவர். வண்டியில் இருப்பதோ 40பி19எல் என்று எண் போட்ட பேட்டரி, அதன் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய 28தான். முன்னால் உள்ள 40 ஆம்பியர் அல்ல, பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அது திறன் வரிசை எண். 'பி' அகலமும் உயரமும், 19 நீளம் சென்டிமீட்டரில், கடைசி எழுத்து பிளஸ் எந்தப் பக்கம் என்பது. 'எல்' இருந்த இடத்தில் 'ஆர்' வாங்கினால் வயர் எட்டாது.

இன்வெர்டர் 10.5 வோல்ட் வரை குடித்துவிட்டுத்தான் கத்தும். செல்ஃப் எடுக்க அதற்கு வெகு முன்னாலேயே வலு போய்விடும். மறுநாள் சந்தைக்குப் பதினைந்து நிமிடம் ஓட்டினால் நாலைந்து ஆம்பியர்-அவர் ஏறினால் அதிகம். வரவு நாலு, செலவு பதினாறு. கார் பேட்டரியின் தகடு மெல்லியது, ஒரு நொடி ஓங்கிக் கொடுப்பதற்குச் செய்தது. இரவு முழுக்கக் கசிந்து கொடுக்க அல்ல. காலியாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு சார்ஜும் ஏறாது.

பாய் தகடு மூழ்கும் மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டார். மேல் கோடு வரை நிரப்புவது சார்ஜ் முடிந்தபின். முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். குடிக்கிற பாட்டில் தண்ணீர் கூடாது, புது ஆசிட்டும் கூடாது. ஆசிட் ஊற்றினால் மீட்டரில் எண் உயரும், பேட்டரி உயராது. சார்ஜ் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 ஆம்பியருக்கு உள்ளே, பன்னிரண்டு மணி நேரம். கரண்ட் இல்லாத நேரத்தில் அவருடைய மாடிச் சோலார் தகடு. மறுநாள் மாலை 1.24, 1.25. "முழுசா வராது, ஒரு வருஷம் ஓடும்" என்றார். வாங்கிய காசு சிங்கப்பூரில் காயா டோஸ்டுக்கும் ஒரு காப்பிக்கும் ஆகும்.

சிங்கப்பூரிலிருந்து லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் கொண்டுவர நினைப்பவர்களுக்கு: கைப்பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும், விமான நிறுவனம் இந்த வகையை அனுமதிக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியில் அச்சடித்த 2000 ஆம்பியரை நம்ப வேண்டாம். அடியோடு காலியான பேட்டரியை அது அடையாளம் காணாது, பூஸ்ட் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். அப்போது பிளஸ் மைனஸ் மாறினால் காக்கும் பாதுகாப்பும் வேலை செய்யாது. மாதக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால் மைனஸ்ஸைக் கழற்றிவிட்டுப் போவதே மேல். திரும்ப மாட்டியதும் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும், ஜன்னல் கண்ணாடியின் ஆட்டோவை மறுபடி பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

பகோ சாலை ஷ்வே ஞாவ்ங் பின் ஆலமரத்தடியில் இந்த வண்டியை வாங்கிய அன்றே மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டி வணங்க வைத்தார்களாம். அந்த மரத்தில் குடியிருக்கும் நாட் தேவதை டெர்மினலைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

17ஆம் தேதி பீலிக்கான் போய் வந்தாயிற்று. வண்டி ஒரே அடியில் எடுத்தது. அன்றிரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனதும், அக்கா இன்வெர்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.