பட்டா யார் பெயரில் இருக்கிறது? செல்சியும் விம்பிள்டனும்

2022 மார்ச் 13. லண்டனின் செல்சி கால்பந்து கிளப்பின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் வாசலில் கிளப்பின் கடை பூட்டிக் கிடந்தது. பிறந்தநாளுக்குச் சேர்ந்த பணத்தைக் கோட்டுப் பைக்குள் அழுத்திப் பிடித்தபடி, என் மகள் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளுக்கு முன்புதான் உக்ரைன் போரையொட்டி, ரஷ்யச் செல்வந்தரும் செல்சியின் உரிமையாளருமான ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துகளைப் பிரிட்டன் அரசு முடக்கியிருந்தது. கிளப்பும் அவர் சொத்துதானே. ஆகவே சட்டை விற்கக் கூடாது, புதிதாக டிக்கெட் விற்கக் கூடாது. முன்பே வாங்கி வைத்திருந்ததால் நாங்கள் உள்ளே போனோம். 89ஆம் நிமிடத்தில் ஹாவெர்ட்ஸ் அடித்த கோலில் நியூகாசிலை வென்றோம். திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "அவர்மேல் கோபம் என்றால் நம் கடையை ஏன் பூட்டினார்கள், அப்பா?"

'நம்' கடை என்று அவள் சொன்னது அன்றிரவு முழுவதும் மனதை அரித்தது.

நாங்கள் குடியிருப்பது தெற்கு லண்டனில், டூட்டிங்கில். ரயிலேறினால் செல்சி. ரயிலே வேண்டாம், நடந்தே போகலாம் என்றால் ப்ளவ் லேன் மைதானம், அதாவது ஏஎஃப்சி விம்பிள்டன் கிளப். முன்னது பெரும் செல்வந்தர்களின் கையில் இருப்பது. பின்னது ரசிகர்களே கூடி நடத்துவது. அந்தக் கோடையில் வீட்டுப் பணம் எதற்குப் போவது என்று உட்கார்ந்து முடிவெடுத்தோம். விம்பிள்டன் என்று முடிவாயிற்று. மூன்று சீசன் முடிந்துவிட்டது. எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஆட்டத்தின் தரத்தை ஒப்பிடவே வேண்டியதில்லை. 2003இல் அப்ரமோவிச் வாங்கிய பிறகு செல்சி இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீகை ஐந்து முறையும், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீகை இரண்டு முறையும் வென்றது. 2005இல் கிடைத்த லீக் பட்டம் ஐம்பது ஆண்டுகள் காத்திருந்து கிடைத்தது. அந்த இரவுகளின் மகிழ்ச்சி பொய்யில்லை, நானும் கத்தித் தொண்டை கட்டியவன். விம்பிள்டனோ, நாங்கள் சேர்ந்த அதே 2022இல் சீசனின் கடைசி 27 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லாமல் நான்காம் அடுக்குக்கு இறங்கியது. டிக்கெட் அங்கே மலிவு, இருக்கை சுமார் ஒன்பதாயிரம்தான், குழந்தையோடு போய்வரச் சுலபம். இவையெல்லாம் யாருக்கும் தெரிந்ததே.

என்னைத் திருப்பியது வேறு விஷயம். ஊரில் வீடு வாங்கப் போனால் அப்பா முதலில் கேட்பது வர்ணத்தையோ வாசலையோ அல்ல. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். கால்பந்து கிளப்பிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே என்பதற்கு விம்பிள்டனின் கதையைவிடப் பெரிய சாட்சி இல்லை.

1988இல் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தி இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையை வென்றது பழைய விம்பிள்டன் கிளப். மூன்றே ஆண்டில், 1991இல், பழைய ப்ளவ் லேனைவிட்டு வெளியேறி இன்னொரு கிளப்பின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் போனது. உரிமையாளர் சாம் ஹம்மாம் 1997இல் நார்வே முதலாளிகளிடம் கிளப்பை விற்றார். அடுத்த ஆண்டே பழைய மைதான நிலம் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்குப் போய்விட்டது. காலடியில் மண் இல்லாத கிளப்பை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். 2002 மே 28 அன்று, நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கும் மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயர, கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு ஒன்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் மறித்தார்கள், கெஞ்சினார்கள், பாதிப் பேருக்கு மேல் ஆட்டத்துக்குப் போவதையே நிறுத்தினார்கள். சட்டப்படி அவர்கள் யாருமில்லை.

அதன்பின் நடந்ததுதான் என்னால் இன்றும் நிதானமாகச் சொல்ல முடியாத பகுதி. சில வாரங்களுக்குள் ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதுக் கிளப்பைத் தொடங்கி, விம்பிள்டன் பொதுத்திடலில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆள் தேர்வு வைத்தார்கள். ஒன்பதாம் அடுக்கில் தொடங்கி ஒன்பதே ஆண்டில், 2011இல், நான்காம் அடுக்குக்கு ஏறி ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்தார்கள். 2020 நவம்பரில், பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே, அதே தெருவில் சொந்த மைதானம் எழுப்பினார்கள். பணம் போதாமல் திண்டாடியபோது வெளி முதலீட்டாளரிடம் கிளப்பை ஒப்படைக்காமல், ரசிகர்களிடமே கடன் பத்திரம் விற்று ஐம்பது லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். கிளப்பின் பெரும்பான்மை ஓட்டுரிமை ரசிகர்களின் அமைப்பான டான்ஸ் டிரஸ்ட் கையில் இருக்கிறது. பத்தாயிரம் பவுண்டு கொடுத்தவருக்கும் ஒரு ஓட்டு, சந்தா மட்டும் கட்டிய எனக்கும் ஒரு ஓட்டு.

செல்சிக்கும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அங்கே மண் ரசிகர்களிடம்தான் இருக்கிறது. 1993இல் தொடங்கிய செல்சி பிட்ச் ஓனர்ஸ் என்ற அமைப்பிடம் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜின் நிலமும் 'செல்சி கால்பந்து கிளப்' என்ற பெயரும் இருக்கின்றன. 2011இல் கிளப் அதைத் திரும்ப வாங்க முயன்றபோது, தேவையான 75 சதவீத ஓட்டு கிடைக்கவில்லை. கேட்டவர் கோடி கோடியாகக் கொட்டிக் கோப்பை வாங்கித் தந்தவர். அவரிடமே மாட்டோம் என்று சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் மண் இருந்தும் வீட்டுக்குள் யார் வருவது என்பதில் அவர்களுக்குப் பேச்சில்லை. 2021 ஏப்ரலில், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் சில தங்களுக்கென்று தொடங்கவிருந்த சூப்பர் லீகில் சேர்வதாக உரிமையாளர் தரப்பு கையெழுத்திட்டது. ரசிகர்களுக்குச் செய்தியில் பார்த்துத்தான் தெரியும். சாலையை மறித்துத்தான் அதைத் தடுக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு கிளப் 250 கோடி பவுண்டுக்கு அமெரிக்கத் தொழிலதிபர் டாட் போலியும் கிளியர்லேக் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்த குழுவிடம் கைமாறியது. யாருக்கு விற்பது என்று ரசிகர்களிடம் ஓட்டுக் கேட்க எந்த வழியும் இல்லை. அந்தத் தொகையைப் படித்தபோதுதான், நாற்பது ஆண்டுக்கு முன் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறிய கிளப் அது என்பது நினைவுக்கு வந்தது.

ரசிகர் கிளப்பின் நடைமுறையை ஒரே ஒரு காலைப்பொழுதில் கண்டேன். 2024 செப்டம்பரில் ப்ளவ் லேனுக்கு அருகே ஓடும் வாண்டில் ஆறு கரை மீறியது. மறுநாள் நியூகாசில் வரவேண்டிய கோப்பை ஆட்டம். போய்ப் பார்த்தால் மைதானத்தின் ஒரு பகுதி உள்வாங்கி, புல் ஈரச் சாக்கைப்போல மடிந்து கிடந்தது. ஆட்டம் நியூகாசிலுக்கே மாற்றப்பட்டு 1-0 என்று தோற்றோம். பழுதுபார்க்கக் கையெழுத்துப் போட ஒரு செல்வந்தர் இல்லை. ரசிகர்கள் திரட்டிய நிதி சில நாளில் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. நானும் கொடுத்தேன், கொடுக்கும்போதே, இப்படி எத்தனை முறை கொடுக்க முடியும் என்ற பயமும் வந்தது.

அந்தப் பயம் நியாயமானது. 2013இல் போர்ட்ஸ்மத் கிளப்பை ரசிகர்களே வாங்கிக் காப்பாற்றினார்கள். நான்கே ஆண்டில் அவர்களே ஓட்டுப் போட்டு ஓர் அமெரிக்கச் செல்வந்தரிடம் விற்றார்கள். மேலே ஏற ஏறச் செலவு கூடும். 2025 மே மாதம் வெம்ப்ளியில் வால்சாலை வென்று நாங்கள் மூன்றாம் அடுக்குக்கு ஏறினோம். அடுத்த அடுக்குக்கு ஆசைப்படும் நாளில் இதே டிரஸ்ட் கூட்டத்தில் யார் எப்படிக் கை தூக்குவார்கள் என்று மூன்று சீசன் பார்த்த நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அன்று கேட்கப்படுவோம் என்பது மட்டும் உறுதி.

செல்சிக்குப் பணமே கொடுப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. விம்பிள்டன் ரசிகர்கள் புது மைதானம் கட்டுவதற்காகத் தங்கள் கிங்ஸ்மெடோ மைதானத்தை விற்றார்களே, வாங்கியது செல்சிதான். செல்சி பெண்கள் அணி ஆடுவது அங்கே. மகள் கேட்டால் ஆண்டுக்கு இரண்டு முறை கூட்டிக்கொண்டு போகிறேன். அன்று வாங்காமல் போன நீலச் சட்டையை அங்கே போட்டுக்கொள்கிறாள். ப்ளவ் லேனுக்கு மஞ்சள் கோடு போட்ட இன்னொரு நீலச் சட்டை.