கரையோரப் பாதையா, களனிவெளிப் பாதையா?

கொழும்பு கோட்டைக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் என்றால் யோசனையே வேண்டாம்: கரையோரப் பாதைதான். 1895இல் மாத்தறையைத் தொட்டது, 2019இல் பெலியத்தை வரை நீண்டது. களுத்துறை தெற்கு வரை இரட்டைப் பாதை என்பதால் எதிர் வண்டிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. உப்புக்காற்று தண்டவாளத்தை அரிப்பதுதான் தீராத தலைவலி. விரைவு வண்டிகள் எல்லா நிலையத்திலும் நிற்காது. ஏறுமுன் அறிவிப்பைக் கவனியுங்கள்.

களனிவெளி வேறு கதை. தண்டவாளங்களுக்கு இடையே 762 மி.மீ. மட்டுமே உள்ள குறும்பாதையாகப் பிறந்து, ஒருகாலத்தில் இரத்தினபுரி தாண்டி ஓபநாயக்க வரை ஓடியது. 1990களில் 1676 மி.மீ. அகலப்பாதையானது, இன்று அவிசாவளையோடு முடிகிறது. பாதை அகன்றதே தவிர, வளைவுகள் பழைய குறும்பாதையின் தடத்தில்தான், அதனால் வேகம் எடுக்காது. ஒற்றைப் பாதை வேறு: ஒரு வண்டி பிந்தினால் எதிரே வருவதும் நிலையத்தில் கிடக்கும். வீதிக் கடவைகளும் ஏராளம்.

ஆனாலும் நுகேகொடை, மகரகம வாசிகளுக்கு ஹைலெவல் வீதியின் காலை நெரிசலைவிட இதுவே மேல். அடிக்கடி வண்டி இல்லை. நேர அட்டவணையைப் பார்த்துவிட்டே வீட்டை விட்டு இறங்குங்கள்.